விழறதுன்னா நானே விழறேன்

விமானத்திலிருந்து குதித்த சில விநாடிகளுக்குள் உஷாராணி தன் பயிற்சியாளரின் வாயில் முழங்கையால் இடித்துப் பல்லை உடைத்தாள்.

தொடக்கக் குதிப்புகளில் இரண்டு பயிற்சியாளர்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டே கூட விழுவார்கள். அன்றுதான் முதன்முறையாகச் சிந்துஜா மட்டும் வந்தாள். கதவை விட்டு இறங்கியதும் பிடியை விட்டுவிட்டு, எதிரே மிதந்தபடி பார்த்துக்கொண்டே வருவதாக ஏற்பாடு. பிடி விட்டதும் உஷாராணியின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்வதற்காகக் காலை ஓங்கி உதைத்தாள். உதைத்த வேகத்தில் மல்லாந்துபோய்ச் சுழல ஆரம்பித்தாள். வானமும் கீழே விரிந்து கிடந்த செம்பனைத் தோட்டமும் மாறி மாறி முகத்தில் அறைந்தன. காற்று மூக்குக்குள் புகுந்து மூச்சை அடைத்தது. கையையும் காலையும் வீசி, யாரோடோ மல்லுக்கு நிற்பதுபோல அடித்துக்கொண்டே விழுந்தாள்.

சிந்துஜா தலைகீழாகப் பாய்ந்து வந்து, பின்பக்கமாக அவளுடைய தோள்வாரைப் பற்றினாள். கழுத்துக்குக் கீழே ஒரு கை விழுந்தது தெரிந்த மறுகணமே உஷாராணியின் முழங்கை பின்னால் போய்விட்டது. இரத்தத் துளிகள் மேல்நோக்கிப் பறந்தன. அப்போதும் சிந்துஜா விடவில்லை. இன்னொரு அடியையும் கன்னத்தில் வாங்கிக்கொண்டு, மாணவியின் பாராசூட்டை இழுத்துத் திறந்துவிட்டுத்தான் விலகினாள்.

கேரி தீவின் தெற்குப் பக்கத்தில், முன்பு மருந்து தெளிக்கும் விமானங்கள் இறங்கிய ஓடுபாதை ஒன்றில் அந்தக் கிளப் நடந்துவந்தது. நடத்துபவர் தம்புசாமி. விமானத்தை ஓட்டுவதும் அவர்தான். சிந்துஜாவின் முகத்தைப் பார்த்ததும் அவர் உஷாராணியின் தலைக்கவசத்தைப் பிடுங்கித் தரையில் வீசினார்.

"இனிமே இவ என் பிளேன்ல ஏறக் கூடாது. மேலே வச்சு ஆளை அடிக்கிறா! உன் கையால ரெண்டு பேரும் செத்திருப்பீங்க, தெரியுமா?"

உஷாராணி குனிந்து தலைக்கவசத்தை எடுத்தாள். முப்பத்தாறு வயது, நல்ல உயரம், லோரி ஸ்டீயரிங் பிடித்து முறுக்கேறிய தோள்கள். சிந்துஜா அவளைவிட ஏழு வயது சின்னவள். அவள் தோள் உயரம்கூட இல்லை. பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவர். பாதி உடைந்த தன் பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வாயிலிருந்த இரத்தத்தைப் புல்லில் துப்பினாள்.

"நான் பேசிட்டுச் சொல்றேன் அங்கிள்."

இருவரும் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். சிந்துஜா துணியைச் சுருட்டி உதட்டில் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, பின்னாலேர்ந்து பிடிச்சது யாருன்னு நினைச்சீங்க?"

"பாலன்."

"யாரு அது?"

உஷாராணி அதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாததை அன்று சொன்னாள்.

அவளுடைய அப்பா கன்னையா கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலைகளை வெட்டியவர். அவள் பத்தொன்பது வயதில் கிள்ளானுக்கு வந்து, முதலில் தொழிற்சாலை வேன் ஓட்டி, பிறகு பெரிய லைசென்ஸ் எடுத்து, போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் லோரிக்கு வந்து சேர்ந்தாள். அந்த வேலையில் பெண்கள் அபூர்வம். பாலன் அதே யார்டில் ஃபோர்மேன். நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். கல்யாணமாகிச் சில மாதத்திலேயே, லோரி ஓட்டுவதை நிறுத்து என்றான். மாட்டேன் என்றாள். அன்று விழுந்தது முதல் அறை. பிறகு பெல்ட். பிறகு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். யார்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் குடியிருந்த ஆறாவது மாடி நடைபாதையில், அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து சட்டைக் கழுத்தைப் பிடித்தான். இடுப்புவரை கைப்பிடிச் சுவருக்கு வெளியே தள்ளினான். அவள் கால் தரையிலிருந்து எழும்பிவிட்டது. தலைக்குக் கீழே வெகு தூரத்தில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த, அதே கட்டடத்துப் பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"விடவா? சொல்லு, விடவா?" என்று பாலன் கேட்டான். கோபமாகக்கூட இல்லை. விளையாட்டாகக் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான்.

பிறகு உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, போய்ச் சாப்பிட உட்கார்ந்தான்.

உஷாராணி சமையலறைக்குப் போனாள். சம்பல் இடிக்கும் கல்லுலக்கையை எடுத்துக்கொண்டு வந்து, மென்றுகொண்டிருந்த அவன் தாடையில் அடித்தாள். எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சோறும் இரத்தமும் மேசையில் சிதறின. அவன் அந்த வாயோடு எழுந்து அவளைச் சுவரில் மோதி, கீழே தள்ளி, விலா எலும்புகள் முறியும்வரை மிதித்தான். பவுனம்மாள் அக்கம்பக்கத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு வந்து கதவை உடைத்திராவிட்டால் அன்றே முடிந்திருக்கும். கோர்ட்டில் பவுனம்மாள் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். பாலன் ஜெயிலுக்குப் போனான். விவாகரத்து ஆனது.

"அவன் என்னைத் தொங்க விட்டப்போ பயமே வரல டாக்டர்," என்றாள் உஷாராணி. "விழறதா வேணாமான்னு இவன் யாரு கேக்கிறதுக்கு? அதுதான் வந்துச்சு. அப்படியே வயிறு எரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் தூங்கினாலும் அந்தக் கையி என் கழுத்துல இருக்கும். விழறதுன்னா நானே விழறேன். எவனும் என்னைப் பிடிச்சுகிட்டு விடவான்னு கேக்கக் கூடாது. அதுக்குத்தான் இங்க வந்தேன்."

சிந்துஜா துணியைப் புரட்டி, இரத்தம் படாத பக்கத்தை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"சரி. ஆனா மேலே நான் பிடிப்பேன் அக்கா. நீங்க சுத்தினா பிடிக்கிறது என் வேலை. அதனால இனி கொஞ்ச நாளைக்குத் தரையிலதான். நான் எப்ப வேணும்னாலும் பின்னாலேர்ந்து வந்து பிடிப்பேன். நீங்க அடிக்காம இருக்கக் கத்துக்கிற வரைக்கும்."

"நான் அடிச்சிடுவேன் டாக்டர்."

"அடிங்க. பல்லு கட்ட எனக்குத் தெரியும்."

அந்த வாரங்களில் சிந்துஜா ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் கிளப்புக்குள் நடமாடினாள். உஷாராணி தேநீர் குடிக்கும்போது, பாராசூட் மடிக்கும்போது, ஷூவுக்குக் கயிறு கட்டும்போது பின்னாலிருந்து வந்து தோளைப் பற்றுவாள். முதல் நாள் உஷாராணியின் முழங்கை அவள் விலாவில் இறங்கியது. அடுத்த முறை ஹெல்மெட்டில் குத்தித் தன் விரல் மூட்டையே கிழித்துக்கொண்டாள். ஒருமுறை சிந்துஜாவைத் தூக்கி மெத்தைமேல் எறிந்துவிட்டு, என்ன செய்தோம் என்று தெரிந்ததும் அங்கேயே மண்டியிட்டு அழுதாள். சிந்துஜா எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு அதே பாடத்தை மறுபடி சொன்னாள். பாராசூட் கெட்டுப்போனால் அதை வெட்டிவிடுவதற்கான பிடி வலப்பக்கம், மாற்றுப் பாராசூட்டுக்கான பிடி இடப்பக்கம்.

"முதல்ல கண்ணால பாருங்க. அப்புறம் பிடிங்க. அப்புறம் இழுங்க. பார்க்காம எதையும் தொடாதீங்க. உங்க கை உங்க கண்ணைவிட வேகமா போகுது அக்கா. அதுதான் பிரச்னை."

ஒருநாள் பின்னால் கை விழுந்தது. உஷாராணி தோளை இறுக்கிக்கொண்டு, மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வியர்வை வழிந்தது, ஆனால் கை எழவில்லை. அதற்கடுத்த வாரம் தம்புசாமி அவளை மறுபடி விமானத்தில் ஏற்றிக்கொண்டார்.

குதிப்புகள் கூடின. மழை நாட்களில் கொட்டகையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவன் எப்போது கற்றுக்குட்டி இல்லை என்று ஆகிறான் என்பதில் அங்கே ஓயாத தர்க்கம். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வரும் ரிஷிக்குச் சந்தேகமே கிடையாது. இருபத்தெட்டு வயது, குதித்த எண்ணிக்கை நூறுகளில், ஒவ்வொரு வருடமும் முந்தியதைவிடச் சின்ன, வேகமான பாராசூட்டுக்கு மாறுபவன்.

"இருபத்தஞ்சு ஜம்ப் முடிச்சு லைசென்ஸ் வாங்கிட்டா பிகினர் இல்ல. ரூல் அவ்வளவுதான் லா," என்பான்.

"லைசென்ஸ் வாங்கினவன் நூறு ஜம்ப் வரைக்கும் ஒழுங்கா இருப்பான். அதுக்கப்புறந்தான் எனக்கு வயித்தைக் கலக்கும்," என்பார் தம்புசாமி.

"மாற்றுப் பாராசூட்டுல இறங்கிட்டு, அடுத்த வாரமே மறுபடி ஏறி வரணும். அப்ப ஒத்துக்கிறேன்," என்பாள் சிந்துஜா.

உஷாராணியைக் கேட்டால், "ரோட்டுல, புது டிரைவர்னு ஒட்டுற P ஸ்டிக்கரை உரிச்ச வாரமே மரத்துல மோதினவனை எல்லாம் பாத்திருக்கேன். எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பாலன் வெளியே வந்தான்.

அவள் அருகில் போகக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தது. அவன் அவள் வேலை செய்யும் யார்டுக்கே வந்தான். சாப்பாட்டு நேரம். வெயிலில் கண்டெய்னர் தகரங்கள் கண்ணைக் கூச வைத்தன. உஷாராணி டிரெய்லரைக் கழற்றிவிட்டு, தலை வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு இரண்டு கண்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே வந்தபோது, எதிரே நடுவழியில் ஒருவன் நின்றான். கையில் கண்டெய்னர் கட்டும் நீளமான இரும்புக் கம்பி. தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"இறங்குடி," என்றான். கோணிய வாயில் அந்தச் சொல்லே சரியாக வரவில்லை.

அவள் கதவைப் பூட்டினாள். கம்பி முன் கண்ணாடியில் இறங்கியது. முதல் அடியில் கண்ணாடி வெள்ளையாக வெடித்தது. இரண்டாவதில் உள்ளே குழிந்தது. அடுத்த அடியில் சில்லுகள் அவள் முகத்திலும் மடியிலும் கொட்டின. ஒரு சில்லு புருவத்தைக் கிழித்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் பம்பருக்கு முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். வண்டி கியரில்தான் இருந்தது. அவள் வலது கால் ஆக்ஸிலரேட்டர் மிதிமேல் இருந்தது. ஒரே மிதி. ஒன்பது டன் இரும்பு.

மிதிக்கத்தான் போனாள். அதைப் பிற்பாடு யாரிடமும் அவள் மறைக்கவில்லை. மிதிப்பதற்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பாலனுக்குப் பின்னால், கண்டெய்னர் நிழலில், சரக்கு எண்களைச் சரிபார்க்கும் லெட்சுமி மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

உஷாராணி பின்கியர் போட்டாள்.

வண்டி அலறிக்கொண்டு பின்னால் போனது. பாலன் ஓடிவந்து படியில் தொற்றி ஏறி, பக்கக் கண்ணாடி வழியாகக் கம்பியைக் குத்தினான். ஸ்டீயரிங்கில் இருந்த அவள் வலது முன்கை எலும்பு இரண்டாக முறிந்தது. அவன் மறுபடி ஓங்கினான். வண்டியின் பின்புறம் ஒரு கண்டெய்னர் அடுக்கில் மோதி நின்றது. மோதிய அதிர்ச்சியில் அவன் பிடி நழுவித் தரையில் விழுந்தான்.

அதற்குள் டிரைவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். இத்தனை வருடமும் எதையும் கேட்காதவர்கள். ஒருவன் சங்கிலி எடுத்தான், ஒருவன் ஸ்பானர், மற்றவர்களுக்கு இரும்புமுனை பூட்ஸ் போதுமாக இருந்தது. பாலன் சுருண்டு தலையை மூடிக்கொண்டான். கை உடையும்வரை கையில் அடித்தார்கள். கை விலகியதும் தலையில் அடித்தார்கள். காதிலிருந்து இரத்தம் வந்தது. முதலில் கத்தினான். பிறகு கத்தவில்லை. யார்டுக் காவலாளி ஜாகா மட்டும் தூரத்தில் நின்று "சுடா லா! சுடா!" என்று, போதும் என்ற பொருளில், கூவிக்கொண்டிருந்தான்.

உஷாராணி கதவைத் திறந்து விழுவதுபோல இறங்கினாள். தொங்கும் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். யாருடைய பூட்ஸோ அவள் தொடையில் பட்டது. பாலனுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றாள்.

"போதும்! விடுங்கடா!"

"தள்ளுங்க அக்கா! இவனெல்லாம் உயிரோட இருக்கக் கூடாது!"

"இவன் செத்தா நான் கோர்ட்டுல எவன் முன்னால நின்னு பேசுறது? அடிக்கணும்னா அன்னிக்கே அடிச்சிருக்கணும், என் முகம் வீங்கி வந்தப்போ. அப்ப எங்கடா போனீங்க?"

அதன்பிறகு யாரும் அடிக்கவில்லை. போலீஸ் வந்தபோது அவள் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கன்னையா வந்தார். தகடு வைத்துக் கட்டியிருந்த மகளின் கையைப் பார்த்தார். புருவத்துத் தையலைப் பார்த்தார்.

"லோரியை ஏத்திக் கொன்னுருக்கலாமேம்மா," என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

"லெட்சுமி பின்னால உக்காந்திருந்தாப்பா."

"லெட்சுமி இல்லாட்டி?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னையா அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

எலும்பு கூடி, கையில் பலம் வர அரை வருடத்துக்கு மேல் ஆனது. பாலனுக்கு இம்முறை நீண்ட தண்டனை கிடைத்தது. அவள் சாட்சி சொன்ன நாளில் அவன் சக்கர நாற்காலியில் இருந்தான். ஒருமுறைகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உஷாராணி மறுபடி கிளப்புக்குப் போனாள். சிந்துஜா அவள் வலது கையில் ஒரு வில் தராசைக் கொடுத்து இழுக்கச் சொல்லி, பிடியை இழுக்கும் பலம் இருக்கிறது என்று உறுதியான பிறகே ஏற விட்டாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இருபத்தைந்தாவது குதிப்பு வந்தது. அதை ஒழுங்காக முடித்தால் லைசென்ஸ்.

விழுந்தது நன்றாகத்தான் விழுந்தாள். பாராசூட்டை இழுத்தாள். திறந்த விதமே சரியில்லை. ஒரு பக்கத்துக் கயிறுகள் முடிச்சு விழுந்து, துணியின் ஒரு மூலை இறுகிக்கொண்டது. மறுகணம் யாரோ காலைப் பிடித்துச் சுழற்றி எறிவதுபோல உடம்பு வெளிப்பக்கமாக வீசப்பட்டது. பாராசூட் அவளைச் சுற்றவில்லை. அவள்தான் பாராசூட்டைச் சுற்றிப் பறந்தாள். சுற்று ஒவ்வொன்றும் முந்தியதைவிட வேகம். இரத்தம் காலுக்கு இறங்கி, கண்ணோரங்கள் கறுத்தன. தகடு வைத்த கை வலியில் துடித்தது. தோட்டம் பச்சைக் கோடுகளாக ஓடியது.

அவள் கயிறுகளைப் பிடித்து உலுக்கினாள், உதைத்தாள், கெட்ட வார்த்தையில் திட்டினாள். முடிச்சு அவிழவில்லை. உயரம் கரைந்துகொண்டிருந்தது. அப்போது குனிந்து, தன் வலது விலாப் பக்கத்துச் சிவப்புப் பிடியைக் கண்ணால் தேடிப் பார்த்தாள். பிடித்தாள். இழுத்தாள். பாராசூட் கழன்று போனது. மறுபடி வெறும் உடம்பாக விழுந்தாள். இடப்பக்கத்தைப் பார்த்தாள். பிடித்தாள். இழுத்தாள். மாற்றுப் பாராசூட் நெஞ்சில் உதைத்ததுபோல விரிந்தது.

ஓடுபாதைக்குத் திரும்ப உயரம் போதவில்லை. கீழே எங்கும் செம்பனை. கால்களைச் சேர்த்து, கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மட்டைகள் முறியும் சத்தத்தோடு மரத்துக்குள் இறங்கினாள். மட்டை முட்கள் தொடையையும் விலாவையும் கிழித்துக்கொண்டே போயின. பழுத்த குலை ஒன்றில் முதுகு மோதி, தோலோடு சட்டை பிய்ந்தது. கடைசியில் பாராசூட் உச்சியில் மாட்டிக்கொள்ள, தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் தொங்கினாள். வாரைக் கழற்றிக்கொண்டு கீழே விழுந்து, வாந்தியெடுத்தாள்.

சிந்துஜா கத்திக் கூப்பிட்டுக்கொண்டே மரங்களுக்கிடையில் ஓடிவந்தாள்.

"அக்கா! கால் அசையுதா? கழுத்து?"

"எல்லாம் இருக்கு சிந்து." அவளை உஷாராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "முள்ளு மட்டும்தான். முள்ளெல்லாம் உள்ளே இருக்கு."

சிந்துஜா தன் பல்வைத்தியப் பெட்டியிலிருந்த இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினாள். கொட்டகையில் உஷாராணி குப்புறப் படுத்து, மெத்தையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தம்புசாமி பக்கத்திலேயே நின்று லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டார். ரிஷி எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கி வந்தான். "அக்கா, இனிமே நீங்க பிகினர் இல்ல!" என்று முதுகில் தட்டினான். தட்டிய இடம் கிழிந்த இடம். அவள் அலறியதில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கேட்டால் இன்றைக்கும் சொல்வாள், அன்று தனக்கு எதுவும் மாறியதாகத் தோன்றவில்லை என்று. சரியாக நடந்திருந்தால் இறங்கியிருப்பாள், கெட்டுப்போனதால் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறே, காயம்கூட ஆறாமல், மறுபடி குதித்தாள்.

பருவக்காற்று மாறும் மாதம். சிந்துஜா அன்று கீழே ரேடியோவோடு நின்றாள். விமானத்தில் ரிஷி, உஷாராணி, தம்புசாமி மூவர்தான். ஏறும்போது காற்று அமைதியாக இருந்தது. உயரம் எட்டியபோது கடல் பக்கமிருந்து கறுத்த மேகம் ஒன்று கரைக்கு வந்துகொண்டிருந்தது. உஷாராணி கதவருகே குனிந்து கீழே பார்த்தாள். எண்ணெய் ஆலையின் புகை மேலே எழாமல் தோட்டத்தின்மேல் படுக்கையாக ஓடியது. சற்று முன்பு வேறு பக்கம் ஓடிய புகை.

"நான் இறங்கல அங்கிள். உங்ககூடவே கீழ வரேன்," என்றாள்.

இயந்திரச் சத்தத்துக்கு மேலே ரிஷி கத்தினான். "என்ன அக்கா? லைசென்ஸ் வாங்கிட்டுப் பயமா? இன்னும் பிகினர்தான் லா நீங்க!"

"பயமாத்தான் இருக்கு. நீயும் வேணாம் ரிஷி. புகையைப் பாரு."

அவன் பார்த்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் குதித்தான்.

உஷாராணி கதவை உள்ளிருந்து மூடினாள். அந்த விமானத்தில் ஏறி, அதிலேயே தரையில் இறங்குவது அவளுக்கு அதுதான் முதல் முறை. காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தம்புசாமி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். சக்கரம் ஓடுபாதையில் முட்டிக் குதித்து நின்றபோது, கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. மனிதக் குரல் என்று நம்ப முடியாத அலறல்.

ரிஷியின் சின்னப் பாராசூட்டைக் காற்று பின்னால் தள்ளியிருந்தது. கடைசி நேரத்தில், தரைக்கு மிக அருகில், பாராசூட்டைத் திருப்ப முயன்றிருக்கிறான். திரும்பிய வேகத்தோடு தரையில் அறைந்துவிட்டான். தொடையெலும்பு காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அதைச் சுற்றி இரத்தம் பொங்கிக்கொண்டிருந்தது. பாராசூட் இன்னும் காற்றில் உப்பி அவனைத் தரையோடு இழுத்தது. இழுக்க இழுக்க அலறினான்.

உஷாராணி ஓடிப்போய் பாராசூட் துணிமேல் விழுந்து மடக்கினாள். சிந்துஜா வாரை அறுத்து, தொடையின் மேற்பக்கத்தை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, அழுத்துங்க! உங்க முழு பலத்தையும் போடுங்க!"

உஷாராணி இரண்டு கைகளாலும் அவன் கவட்டுப் பக்கத்தில் அழுத்தினாள். வலி தாங்காமல் ரிஷி அவள் முகத்தில் குத்தினான். நகத்தால் கன்னத்தைக் கீறினான். முடியைப் பிடித்து உலுக்கினான். "கொல்றியா! விடு! என்னை விடு!" என்று கத்தினான். அவள் மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் அவன் சட்டையில் சொட்டியது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

கால் பிழைத்தது. தொடையோடு முறிந்திருந்த இடுப்பெலும்பு சேரப் பல மாதம் ஆனது. ஒரு மத்தியானம், வேலைக்குப் போகும் வழியில், உஷாராணி ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரிஷி இளைத்திருந்தான். அவள் மூக்கு லேசாகக் கோணியிருப்பதைப் பார்த்து, "அது நான் பண்ணதா?" என்று கேட்டான்.

"பரவால்ல. சிந்துவோட பல்லுக்கு இது சரியாப் போச்சு."

அவன் சிரிக்க முயன்று, இடுப்பு வலித்து நிறுத்தினான்.

"உங்களுக்கு எப்படி அக்கா தெரிஞ்சது? காத்து அப்படி மாறும்னு?"

"தெரியாது. புகையைப் பார்த்தேன்."

"நானும்தான் பார்த்தேன்."

"ஆமா. என் பக்கத்துலதானே உக்காந்திருந்த."

ரிஷி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கும் அன்னிக்குக் குதிக்கவே மனசு வரல," என்றான். "உங்க முன்னாலயும் அங்கிள் முன்னாலயும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இத்தனை நூறு ஜம்ப் பண்ணவன்... வேணாம்னு எப்படிச் சொல்றது? அப்போ நான்தான் பிகினரா அக்கா?"

"அப்படி நான் சொல்லல ரிஷி."

"சொல்லுங்க. பரவால்ல."

உஷாராணி ஆரஞ்சை உரித்து, சுளைகளைப் பிரித்து அவன் கையில் வைத்தாள். "சாப்பிடு. எனக்கு ஷிஃப்ட் இருக்கு," என்று எழுந்துகொண்டாள்.

ரிஷி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். கிளப்புக்கு வருகிறான், கீழே நின்று ரேடியோ பிடிக்கிறான். உஷாராணி இன்னும் டிரெய்லர் ஓட்டுகிறாள், ஞாயிறுகளில் குதிக்கிறாள். எண்ணிக்கையில் அவளைத் தாண்டியவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வானம் சந்தேகமாக இருக்கும் நாட்களில் தம்புசாமி விமானச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றே?" என்று கேட்கிறார். சில நாள் போகலாம் என்கிறாள். சில நாள் வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லும் நாளில் எல்லோரும் அவளைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள்.